கலென்தாதோ: நேற்றைய பீன்ஸும் நேற்றைய சோறும் சேர்ந்த கொலம்பியக் காலை உணவு

என்விகாடோ மீனா எழுதியது:

"தென் அமெரிக்காவில் காலையில் என்னதான் சாப்பிடுகிறார்கள், வெறும் ரொட்டியும் காபியுமா?" என்று இன்னொரு இழையில் கேட்டிருந்தீர்கள். பதில் நீளும் போலிருந்தது, அதனால் தனி இழையாகப் போடுகிறேன்.

நான் இருப்பது கொலம்பியாவில், மெதெயின் நகரை ஒட்டிய என்விகாடோவில், ஆந்தியோக்கியா மாகாணம். இந்தப் பக்கத்து வீடுகளில் மதியத்துக்கு பீன்ஸ் வைத்தால் அளந்து வைக்க மாட்டார்கள், பெரிய குக்கர் நிறைய வைப்பார்கள். மறுநாள் காலை கலென்தாதோவுக்கு வேண்டுமே! முந்தின நாள் பீன்ஸ், முந்தின நாள் சோறு, இறைச்சி ஏதாவது மீந்திருந்தால் அதுவும், எல்லாம் ஒரே சட்டியில் சூடேறிச் சேர்ந்துகொள்ளும். மேலே மஞ்சள் கரு உடையாமல் பொரித்த முட்டை, பக்கத்தில் அரேப்பா என்கிற மக்காச்சோள அடை, ஒரு துண்டு கெசீத்தோ என்கிற புதுப் பாலாடைக்கட்டி, குடிக்கச் சாக்லேட். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதியம் வரை பசி எட்டிப் பார்க்காது.

முதலில் பீன்ஸைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கலென்தாதோ நன்றாக வருவதும் வராததும் முதல் நாளே முடிவாகிவிடுகிறது. இங்கே வாங்குவது கார்காமாந்தோ. பருமனான பீன்ஸ், கிரீம் நிறத்தில் சிவப்புத் தெளித்தது போல இருக்கும், சிவப்பில் கிரீம் தெளித்ததும் உண்டு. அரைக் கிலோவை இரவே ஊறப் போட்டு, காலையில் தண்ணீரை மாற்றி, பீன்ஸுக்கு மேல் நான்கு விரல் நிற்கும்படி தண்ணீர் விட்டுக் குக்கரில் ஏற்றுவார்கள். கூடவே ஒரு கேரட், ஒரு பச்சை வாழைக்காய், பன்றிக்கால் அல்லது தோல் ஒரு துண்டு.

அந்த வாழைக்காய் சங்கதி பார்க்க வேண்டியது. என் மாடி வீட்டு அம்மாள் கத்தியைத் தொட மாட்டார். தோலை உரித்து, குக்கர் வாய்க்கு மேலேயே காயைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தைக் குத்திக் குத்திச் சில்லுச் சில்லாகப் பெயர்த்து உள்ளே தள்ளுவார். கத்தி பட்டால் பீன்ஸ் கறுத்துப்போகும் என்பது அவர் கட்சி. கறுக்குமோ இல்லையோ, பிய்த்துப் போட்ட துண்டு சொரசொரவென்று இருப்பதால் ஓரமெல்லாம் கரைந்து சாறு கெட்டியாகிறது. வெட்டிப் போட்டால் சதுரம் சதுரமாக அப்படியே மிதக்கிறது.

குக்கர் இறங்கியதும் ஓகாவோ சேர்க்க வேண்டும். எண்ணெயில் வெங்காயத்தாளும் தக்காளியும் சிறு தீயில் நன்றாகக் குழைய வதக்கி, பூண்டு, சீரகம், உப்பு போட்டது. பாதி ஓகாவோ பீன்ஸுக்குள் போகும், அப்புறம் மூடாமல் இருபது நிமிடம் கொதிக்கும். மீதிப் பாதி மறுநாள் காலைக்கு.

மறுநாள் சட்டியில் ஓகாவோவைச் சூடாக்கி, பீன்ஸைச் சாறோடு விட்டு, மூன்றில் ஒரு பங்கை மட்டும் கரண்டியால் நசுக்குங்கள். சாறு சுண்டிப் பெரிய குமிழாக வெடிக்கிற நேரத்தில் ஆறிப்போன சோற்றை உதிர்த்துப் போட்டுப் பிரட்டி, சட்டியில் பரப்பி அமுக்கிவிட்டு, கிளறாமல் மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். அடியில் லேசாகப் பிடிக்கும். அதைச் சுரண்டி மேலே திருப்பிப் போட வேண்டும். அந்தப் பிடிப்புக்கு இங்கே பேகா என்று பேர், கரீபியன் கரைப்பக்கம் போனால் குக்காயோ. வீட்டில் அதற்குத்தான் சண்டை.

---

கடுகுடப்பா எழுதியது:

மீனா, அருமை. அப்படியானால் இது அவர்களுடைய பழைய சோறு என்று வைத்துக்கொள்ளலாமா?

சென்னையில் கார்காமாந்தோவுக்கு எங்கே போவது? ராஜ்மாவில் செய்தால் தள்ளிவிட மாட்டீர்களே? குக்கரில் எத்தனை விசில் என்றும் சொல்லுங்கள்.

---

என்விகாடோ மீனா எழுதியது:

பழைய சோற்றோடு சேர்க்காதீர்கள். அது தண்ணீரில் ஊறிப் புளித்து, குளிர்ச்சியாகச் சாப்பிடுவது. இதில் புளிப்பே வரக்கூடாது, வந்தால் குப்பைக்குத்தான். நம்மிடம் இதற்குக் கிட்டத்தில் ஏதாவது உண்டென்றால், விசேஷ வீட்டில் மறுநாள் மிச்சக் குழம்புகளை ஒன்றாக ஊற்றிச் சுண்ட வைப்பார்களே, அதைச் சொல்லலாம். அதில் போல இதிலும் சுண்டுவதில்தான் ருசி.

ராஜ்மாவில் கருஞ்சிவப்பாக வழவழவென்று இருப்பது வேண்டாம், தோல் தடிமன். சித்ரா ராஜ்மா என்று புள்ளி போட்ட வெளிர் நிற வகை கிடைக்கிறதே, அதை வாங்குங்கள். பார்வைக்கும் மாவுத்தன்மைக்கும் அதுதான் கிட்டத்தில் வரும். வாழைக்காய்க்கு நேந்திரங்காய்.

விசில் எண்ண வேண்டாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். ஒரு பீன்ஸை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்தினால் மாவாக வேண்டும். ஆகவில்லை என்றால் இன்னும் பத்து நிமிடம்.

---

பொகோட்டா பாலா எழுதியது:

பொகோட்டாவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டு ஆட்சேபம்.

ஒன்று, கலென்தாதோ என்றாலே பீன்ஸ் என்று ஆந்தியோக்கியாக்காரர்கள் பட்டா போட்டுக்கொண்ட மாதிரி எழுதுகிறீர்கள். நான் தங்கியிருந்த வீட்டில் வாரத்தில் பாதி நாள் பருப்புக் கலென்தாதோதான். நம் மைசூர்ப் பருப்பு தோலோடு இருந்தால் எப்படி இருக்கும், அந்த வகை. உருளைக்கிழங்கு, கேரட் போட்டு வைத்ததை மறுநாள் சோற்றோடு சேர்ப்பார்கள். ஸ்பகெட்டி மீந்தால் அதையும் சோற்றோடு பிரட்டி முட்டையை உடைத்து ஊற்றிவிடுவார்கள். சோற்றுக்கு ஸ்பகெட்டி தொட்டுக்கொள்வதா என்று முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவர்கள் மதியச் சாப்பாட்டுத் தட்டில் சோறு, உருளை, வாழைக்காய் மூன்றும் சேர்ந்து இருப்பதைப் பார்த்தபின் அடங்கிவிட்டேன்.

இரண்டு, நீங்கள் சொல்கிற மொறுமொறு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பொகோட்டா 2,600 மீட்டர் உயரம், காலை ஆறு மணிக்கு எலும்பு வரை குளிரும். அந்த நேரத்தில் வேண்டியது சாறு சொட்டுகிற, ஆவி பறக்கிற தட்டு. வறட்டிப் போட்டால் தொண்டையில் நிற்கிறது. உயரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: அங்கே தண்ணீர் ஏறக்குறைய 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் பீன்ஸ் வேகப்போட்டால் அன்றைக்கு முழுக்க அடுப்படியிலேயே நிற்க வேண்டியதுதான். பிரஷர் குக்கர் இல்லாத பொகோட்டா வீட்டை நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு கேள்வியும் உண்டு. இப்போது உணவகங்களில் நாள் பூராவும் கலென்தாதோ போடுகிறார்கள். சோறு அப்போது வடித்தது, பீன்ஸ் அப்போது இறக்கியது. மீதமே இல்லாமல் கலென்தாதோ எப்படி? மீந்ததைச் சூடாக்கினால்தான் அது கலென்தாதோ. புதிதாகச் சமைத்துக் கலந்தால் பீன்ஸ் சாதம், அவ்வளவுதான்.

---

டொரோண்டோ தவம் எழுதியது:

மீனா அக்கா, வடிவாக விளங்கப்படுத்தி எழுதியிருக்கிறீர்கள். இங்கே லத்தீன் கடைகளில் கார்காமாந்தோ பொதியாகவே கிடைக்கிறது. சாதாரணக் கடை என்றால் ரொமானோ பீன்ஸ் என்று தகரத்தில் அடைத்து வரும், அதுவும் புள்ளி போட்ட இனம்தான்.

எனக்கு இரண்டு சந்தேகம். அரேப்பாவுக்கு எந்த மா? கடையில் மக்காச்சோள மா மட்டும் நாலைந்து விதம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மற்றது, ஊறப்போட்ட பீன்ஸை இரவு ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டுப் படுத்தால் விடியற்காலை சரியாக இருக்குமா? நான் இரவு வேலைக்காரன், அடுப்படியில் நிற்க நேரம் இல்லை.

---

ஆய்வக அருள் எழுதியது:

தவம், ஸ்லோ குக்கரை முதலில் நிறுத்துங்கள். சிவப்பு பீன்ஸ் இனங்களில் லெக்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது சரியாக அழியாவிட்டால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. நல்ல கொதியில் குறைந்தது பத்து நிமிடம், அரை மணி என்றால் இன்னும் உத்தமம், கொதித்தால்தான் அது போகும். ஸ்லோ குக்கர் பல நேரம் கொதிநிலைக்கே போவதில்லை. ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் கொதிக்க விட்டு, அப்புறம் வேண்டுமானால் ஸ்லோ குக்கரில் மாற்றுங்கள். தகர பீன்ஸுக்கு இந்தக் கவலை இல்லை, அது ஏற்கெனவே வெந்தது.

இழையில் யாரும் தொடாத இன்னொரு விஷயம், சோறு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கும், அவை வேகும்போது சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். அது உண்டாக்குகிற நஞ்சுகளில் ஒன்று சூட்டுக்கு அசையாது. ஆகவே 'காலையில் நன்றாகச் சூடாக்கிவிட்டேன்' என்பது காப்பாற்றாது, முதல் நாள் இரவு எப்படி ஆறவைத்தீர்கள் என்பதுதான் கேள்வி. சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே வைத்துவிடுங்கள். கெட்டியான பீன்ஸைப் பெரிய பானையோடு அப்படியே விட்டால் நடுப்பகுதி ஆற வெகு நேரம் பிடிக்கும், அங்கே வேறு நுண்ணுயிரிகளுக்குக் கொண்டாட்டம். சிறு டப்பாக்களில் பிரித்து வையுங்கள். காலையில் நடுவரை 75 டிகிரி ஏறச் சூடாக்கி, அன்றே தீர்த்துவிடுங்கள். இரண்டாம் தடவை சூடாக்க வேண்டாம்.

---

நெல்லைக்காரர் எழுதியது:

அருள் சார் வந்தால் பசி போய்விடும் :-) மலைநாட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டுத்தானே படுத்தார்கள்? யாருக்கு என்ன ஆச்சு?

---

ஆய்வக அருள் எழுதியது:

நெல்லை அண்ணாச்சி, யாருக்கு என்ன ஆச்சு என்று எழுதி வைத்தவர் யார்? 2,000 மீட்டர் உயர மலையில் இரவு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும், அணைந்த விறகடுப்பு மேல் பானை விரைவில் குளிரும். சென்னையில் மே மாத இரவு 28 டிகிரி. அதே பானை, அதே பீன்ஸ், கதை வேறு. நான் சாப்பிட வேண்டாம் என்று சொல்லவே இல்லை. எனக்கும் ஒரு தட்டு வையுங்கள்.

---

என்விகாடோ மீனா எழுதியது:

அருள் சொன்னது சரி. இங்கேயும் நகரத்து வீடுகளில் இப்போது டப்பாதான், குளிர்பெட்டிதான்.

தவம் தம்பி, அரேப்பாவுக்கு வேண்டியது முன்னரே வேகவைத்து உலர்த்தி அரைத்த மா. பொதியில் மாசாரேப்பா என்று இருக்கும். பான் என்று பேர் போட்ட வெனிசுவேலா மஞ்சள் பொதி எல்லா லத்தீன் கடையிலும் கிடைக்கும், 1960-இலிருந்து விற்பது. மாசா அரீனா என்று மெக்சிகோக்காரர்கள் விற்பதை எடுத்துவிடாதீர்கள், அது சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தில் வருவது, தோர்த்தியா என்கிற அவர்களுடைய மெல்லிய ரொட்டிக்கு. மணமே மாறிப்போகும். வட இந்திய மக்காச்சோள மாவும் ஆகாது, அது பச்சை மாவு, தட்டினால் விரிசல் விடும்.

ஒரு கப் மாவுக்கு ஒன்றேகால் கப் வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து ஐந்து நிமிடம் மூடி வைத்து, அரைவிரல் கனத்துக்கும் குறைவாகத் தட்டி, காய்ந்த கல்லில் எண்ணெய் விடாமல் இருபக்கமும் புள்ளி விழும்வரை சுடுங்கள். ஆந்தியோக்கியா அரேப்பாவில் உப்பே கிடையாது. முதல் தடவை சாப்பிட்டவர்கள் எல்லோரும் "மறந்துவிட்டார்களோ" என்பார்கள். மேலே வெண்ணெயும் உப்பும் தடவி, உப்பான பீன்ஸோடு சாப்பிடும்போதுதான் கணக்கு நேராகிறது.

பாலா, உங்கள் இரண்டு ஆட்சேபத்தில் பருப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மலைநாட்டில் பீன்ஸ் இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் இருக்கிறது. கார்காமாந்தோ ஏறுகொடி. மெதெயினுக்குக் கிழக்கே குளிர்ந்த மேட்டு நிலங்களில், எல் கார்மென் தே விபோரால், மரினீயா பக்கமெல்லாம், சோளம் முற்றி நிற்கும்போது அடியில் பீன்ஸை ஊன்றிவிடுவார்கள். சோளத்தட்டையே பந்தல். ஒரே நிலத்தில் அரேப்பாவும் பீன்ஸும். 19-ஆம் நூற்றாண்டில் ஆந்தியோக்கியாக் குடும்பங்கள் நிலம் தேடித் தெற்கே இறங்கி மனிசாலெஸ் (1849), அர்மேனியா (1889) மாதிரி ஊர்களைக் கட்டினார்கள். போன இடமெல்லாம் இந்தச் சாப்பாட்டையும் கொண்டுபோனார்கள். அதனால்தான் இன்றைக்குக் காப்பி விளைகிற கால்தாஸ், ரிசரால்தா, கின்தீயோ மாகாணங்கள் மூன்றிலும் காலைத் தட்டு ஒரே மாதிரி இருக்கிறது.

பீன்ஸ் பற்றியே ஒரு உபரித் தகவல். கொலம்பியாவின் காலி (Cali) என்ற நகரத்துக்குப் பக்கத்தில் பால்மிராவில் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையம் இருக்கிறது. அங்கே 37,000-க்கும் மேற்பட்ட பீன்ஸ் விதை மாதிரிகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள், உலகத்திலேயே பெரிய தொகுப்பு. பீன்ஸை மனிதர் பயிராக்கியது இரண்டு இடத்தில் தனித்தனியாக நடந்தது, மெக்சிகோ பக்கம் ஒன்று, ஆண்டிஸ் மலையில் ஒன்று. சிறிய கறுப்பு பீன்ஸ் முதல் கிளை, பருமனான கார்காமாந்தோ இரண்டாவது. யாராவது "கறுப்பு பீன்ஸில் செய்யலாமா" என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: செய்யலாம், நன்றாகவும் இருக்கும், ஆனால் கியூபாவோ வெனிசுவேலாவோ பக்கம் போய்விடும்.

---

பொகோட்டா பாலா எழுதியது:

சரித்திரம் எல்லாம் சரி. கேள்விக்குப் பதில் எங்கே? அன்றைக்கே சமைத்தது கலென்தாதோவா, இல்லையா?

---

என்விகாடோ மீனா எழுதியது:

விட மாட்டீர்களே. என் கட்சி இது: ஒரு இரவு தாண்டியிருக்க வேண்டும். ஆனால் தற்செயலாக மீந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நானே காலைக்கென்று கூடுதலாக வைக்கிறேன், மாடி வீட்டு அம்மாளும் அப்படித்தான். கணக்குப் பண்ணி மீதம் வைப்பதும் மீதம்தான்.

இரவு ஏன் வேண்டும் என்றால் சோற்றுக்காக. ஆறி, குளிர்ந்து கிடக்கும்போது சோற்றின் மாவு இறுகுகிறது, மேல்புறம் ஈரம் வற்றுகிறது. அப்படிப்பட்ட பருக்கை பீன்ஸ் சாற்றை உறிஞ்சினாலும் குழையாமல் நிற்கும். அப்போது வடித்த சோற்றைப் போட்டுப் பாருங்கள், ஐந்தே நிமிடத்தில் பொங்கல் மாதிரி ஆகிவிடும். பீன்ஸ் சாறும் அப்படித்தான், ராத்திரியில் மாவு இறங்கிக் கெட்டிப்படுகிறது, காலையில் டப்பாவைக் கவிழ்த்தால் கட்டியாக விழும். உணவகத்தில் அன்றே சமைத்ததைக் கலந்து கொடுப்பது இளகிப்போய் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆகையால் முடிவில் உங்கள் பக்கம்தான் வந்துவிட்டேன் பாலா, காரணம் மட்டும் வேறு. ஆனால் அந்த மொறுமொறுவை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

கீரைக்கட்டு எழுதியது:

பன்றிக்கால் இல்லாமல் செய்ய வழி உண்டா? எங்கள் வீட்டில் முட்டை வரை சரி, அதற்கு மேல் நுழையாது. படித்துப் படித்துப் பசி வந்துவிட்டது.

---

என்விகாடோ மீனா எழுதியது:

தாராளமாக. பன்றிக்கால் தருவது பசைத்தன்மையும் கொழுப்பும். பசைக்கு நேந்திரங்காயை ஒன்றுக்கு ஒன்றரையாகப் போடுங்கள். கொழுப்புக்கு ஓகாவோவில் எண்ணெயைத் தாராளமாக விட்டு, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி ஓரம் பழுக்கும்வரை வதக்குங்கள், அவசரப்படாமல். இங்கே விற்கும் வெங்காயத்தாள் விரல் பருமன் இருக்கும். போயக்கா மாகாணத்தில் தோத்தா ஏரிக்கரை முழுக்க அதுதான் பயிர். நம் ஊர்த் தாள் மெல்லியது, ஆகவே இரண்டு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் இறைச்சி இருக்க வேண்டிய இடத்தில் தோல் கறுத்த நேந்திரம்பழத்தைச் சாய்வாக நறுக்கிப் பொரித்து வையுங்கள். இங்கே இறைச்சி இருந்தாலும் அது இருக்கும். பீன்ஸ் உப்புக்கு அந்த இனிப்பு அத்தனை பொருத்தம். பாதி அவகாடோவும் வைத்துவிட்டால் ஒன்றும் குறையாது.

---

டொரோண்டோ தவம் எழுதியது:

காரம் ஒன்றையும் காணவில்லையே? பச்சை மிளகாய் கூடவா இல்லை?

---

பொகோட்டா பாலா எழுதியது:

அந்த நாட்டில் நமக்குள்ள பெரிய குறை அதுதான் தவம். சமையலுக்குள் மிளகாய் போகாது. மேசையில் ஆஹீ என்று ஒரு கிண்ணம் வைப்பார்கள்: கொத்தமல்லி, வெங்காயத்தாள், கொஞ்சம் மிளகாய், எலுமிச்சை அல்லது வினிகர், தண்ணீர். அவர்கள் துளித்துளியாக விடுவார்கள். நாம் கிண்ணத்தையே கவிழ்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாக்லேட்டைப் பற்றி மீனா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், அதை நான் சொல்கிறேன். கட்டிச் சாக்லேட், குடிப்பதற்கென்றே விற்பது, கோப்பைக்கு ஒரு கட்டி. வாய் குறுகிய உயரமான பாத்திரம் ஒன்று இருக்கிறது, ஒயேத்தா. அதில் பாலையோ தண்ணீரையோ காய்ச்சிக் கட்டியைக் கரைத்து, பொங்கி மேலே வரும்போது இறக்கி, மொலினீயோ என்கிற மர மத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் கடைவார்கள். நுரை வந்தால்தான் ஊற்றுவார்கள். பொகோட்டாவில் அந்தக் கோப்பைக்குள்ளேயே பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு, இளகியதும் கரண்டியால் இழுத்துச் சாப்பிடுவார்கள். முகம் சுளிக்காதீர்கள், ஒரு வாய் போதும், கட்சி மாறிவிடுவீர்கள்.

சாக்லேட் வேண்டாம் என்பவர்களுக்கு அகுவாபனேலா. பனேலா என்பது நம் அச்சுவெல்லம் மாதிரி கரும்புப் பாகைக் காய்ச்சி வார்த்த கட்டி. அதைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் முடிந்தது. நல்ல உருண்டை வெல்லத்தில் செய்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

---

கடுகுடப்பா எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை செய்தாயிற்று! சித்ரா ராஜ்மா, நேந்திரங்காய், அருள் சொன்னபடி சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆற்றி டப்பாவில் வைத்தது. சோறு புழுங்கலரிசிதான், உதிரி உதிரியாக நின்றது. நேந்திரங்காயை நகத்தால் பெயர்க்க என்னால் முடியவில்லை, ஸ்பூன் நுனியால் நெம்பினேன், வேலை நடந்தது. பால் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு கறையாகிவிட்டது, அது வேறு கதை. கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

பெண் "அம்மா, இது என்ன ராஜ்மா சாவலைப் பொரித்த மாதிரி?" என்றாள். சாப்பிட்டு முடித்துவிட்டு அடிச்சுரண்டலைத் தம்பிக்குத் தராமல் அவளே எடுத்துக்கொண்டாள். பாலா மன்னிக்கவும், எங்கள் வீட்டு ஓட்டு மீனாவுக்கு.

ஒன்று கேட்க வேண்டும். நான்ஸ்டிக்கில் அடி பிடிக்கவே மாட்டேன் என்கிறது. இரும்பு தோசைக்கல்லில் போட்டபிறகுதான் வந்தது. அங்கே எதில் செய்கிறார்கள்?

---

என்விகாடோ மீனா எழுதியது:

கால்தேரோ. வார்ப்பு அலுமினியச் சட்டி, கனத்த அடி, சுவர் லேசாக வளைந்திருக்கும். புதிதில் வெள்ளி மாதிரி பளபளக்கும், வருஷக்கணக்கில் கறுத்து வழவழப்பாகும். சோறு வடிக்காமல் பொங்குவதும் அதில்தான், அதனால் பேகா முதல் நாளே ஒரு தரம் கிடைத்துவிடும். உங்களிடம் இரும்புச் சட்டி இருந்தால் அதுவே போதும், புதிதாக எதுவும் வாங்காதீர்கள்.

---

நெல்லைக்காரர் எழுதியது:

இதை வருஷம் பூராவும் சாப்பிடுவார்களா, இல்லை பண்டிகைக்கென்று தனியாக உண்டா?

---

பொகோட்டா பாலா எழுதியது:

வருஷம் பூராவும்தான். ஆனால் பெரிய கலென்தாதோ டிசம்பர் 25 காலையில். முந்தின இரவு, கிறிஸ்துமஸுக்கு முன்னிரவு, நள்ளிரவு தாண்டி விருந்து நடக்கும். மறுநாள் யாரும் அடுப்பு மூட்டிச் சமைக்கிற நிலையில் இருக்க மாட்டார்கள். தமால் என்று வாழையிலையில் கட்டி வேகவைத்த மக்காச்சோள மாவுப் பண்டம் மீந்திருந்தால் அதைப் பிரித்து, தொலிமா மாகாணத்து வீடு என்றால் லெச்சோனா, அதாவது முழுப் பன்றிக்குள் பட்டாணியும் இன்ன பிறவும் திணித்துச் சுட்டது, அதன் மிச்சம், உருளைக்கிழங்கு, சோறு, எல்லாம் ஒரே சட்டிக்கு. ஜனவரி 1 காலையும் இதே கூத்து. முந்தின இரவு வராத சொந்தக்காரர்கள் சரியாக அந்த நேரத்துக்கு வந்து நிற்பார்கள். விருந்தை விடக் கலென்தாதோவுக்குத்தான் கூட்டம்.

 

---

கீரைக்கட்டு எழுதியது:

நானும் செய்துவிட்டேன், பருப்பு வகை. தோலோடு இருக்கும் மைசூர்ப் பருப்பு, உருளை, கேரட். பாலா சொன்னபடி சாறோடு விட்டேன், இது அப்படித்தான் நன்றாக இருக்கிறது. பீன்ஸுக்கு மொறுமொறு, பருப்புக்குச் சாறு என்று பிரித்துக்கொண்டால் உங்கள் சண்டை தீர்ந்துவிடும் போலிருக்கிறதே?

அரேப்பா மட்டும் நாலைந்து மீந்துவிட்டது. மறுநாள் கல் மாதிரி ஆகிவிட்டது. அதை என்ன செய்யலாம்?

---

பொகோட்டா பாலா எழுதியது:

பருப்புக்குச் சாறு, ஒப்புக்கொள்கிறேன். பீன்ஸுக்கும் சாறுதான், மாறமாட்டேன்.

---

என்விகாடோ மீனா எழுதியது:

அரேப்பா இறுகினால் நல்லதுதான், மீகாஸ் செய்யலாம். கையால் சுண்டைக்காய் அளவுக்குப் பிய்த்து, ஒரு கை தண்ணீரோ பாலோ தெளித்து ஐந்து நிமிடம் வையுங்கள். சட்டியில் வெண்ணெய், மிச்ச ஓகாவோ, அரேப்பாத் துண்டு போட்டு ஓரம் சிவக்க வதக்குங்கள். அப்புறம் இரண்டு மூன்று முட்டையை அடித்து ஊற்றி, முட்டை முழுக்க இறுகும் முன்பே இறக்கிவிடுங்கள். பாலாடைக்கட்டி இருந்தால் கடைசியில் உதிர்த்துப் போடலாம்.

---

கீரைக்கட்டு எழுதியது:

கெசீத்தோவுக்குப் பதில் பன்னீர் சரிவருமா?

---

என்விகாடோ மீனா எழுதியது:

வரும், வீட்டில் திரித்ததாக இருந்தால். கடைப் பன்னீர் ரப்பராக நிற்கும். பாலைத் திரித்து வடிகட்டி, கனம் வைத்து அழுத்தாமல், உப்புப் போட்டுப் பிசறி ஒரு மணி நேரம் துணியிலேயே தொங்கவிடுங்கள்.